காட்டை வெட்டி நடுவதா, பொறுக்கி வெட்டுவதா, விட்டுவிடுவதா?

ஒரு காடு உங்கள் பொறுப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரம்பரைச் சொத்தாக வந்திருக்கலாம். ஊருக்குப் பொதுவான காடாக இருக்கலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள கூட்டுறவு அமைப்பின் காடாகவும் இருக்கலாம். நூறு ஹெக்டேரோ ஆயிரம் ஹெக்டேரோ, முதல் கூட்டத்திலேயே மூன்று குரல்கள் எழும். முதிர்ந்த மரங்களை மொத்தமாக வெட்டி விற்றுவிட்டு நல்ல நாற்றுகளை நடலாம் என்பார் ஒருவர். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி வெட்டினால் காடு காடாகவே நிற்கும் என்பார் இன்னொருவர். கோடரியே உள்ளே போகக்கூடாது என்பார் மூன்றாமவர். மூவரும் தாங்கள் சொல்வதுதான் நீடித்த காட்டு மேலாண்மை என்பார்கள்.

மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் பொருள் காலப்போக்கில் விரிந்துவிட்டது. அது பிறந்த இடம் சுரங்கம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களும் உலோகம் உருக்கும் உலைகளும் சுற்றுவட்டாரக் காடுகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. ஃப்ரைபெர்க் நகரில் சுரங்க நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், மரம் தீர்ந்தால் சுரங்கத் தொழிலும் தீர்ந்துபோகும் என்று கண்டார். வளரும் அளவுக்கு மேல் வெட்டாதீர்கள் என்று 1713இல் எழுதினார். வட்டியில் வாழ வேண்டும், முதலைத் தொடக்கூடாது என்ற கணக்கு அது. 280 ஆண்டுகள் கழித்து, 1993இல் ஹெல்சின்கியில் கூடிய ஐரோப்பிய நாடுகளின் அமைச்சர்கள் தந்த விளக்கத்தில், மரத்தின் அளவோடு பல்லுயிர் வளமும், காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திறனும், சமூகப் பயனும் சேர்ந்துகொண்டன. வெட்டி நடச் சொல்பவர் 1713இன் பொருளில் பேசுகிறார். விட்டுவிடச் சொல்பவர் 1993இன் பொருளில் பேசுகிறார்.

இந்த மூன்று வழிகளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். நாம் செய்யும் தவறு எந்த வழியில் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்? தெரிந்த பிறகு திருத்த அவகாசம் இருக்குமா? காட்டு விஷயத்தில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை. வயலில் செய்த பிழையை அடுத்த பருவத்தில் சரிசெய்யலாம். காட்டில் பிழை செய்தவர் இறந்து, அவர் பிள்ளைகளும் முதுமை எய்திய பிறகே அந்தப் பிழை வெளியே வரக்கூடும்.

மொத்தமாக வெட்டி நடுதல்

இதற்கு எதிராகப் பேசுவது எளிது. வெட்டப்பட்ட மலைச்சரிவின் ஒரே ஒரு படம் போதும். ஆனால் இந்த முறைக்கு உண்மையான பலங்கள் உண்டு. ஒரு கனமீட்டர் மரத்தை வெளியே கொண்டுவர ஆகும் செலவு இதில்தான் மிகக் குறைவு. பாதை ஒருமுறை போட்டால் போதும், இயந்திரம் ஒருமுறை வந்தால் போதும். தேர்ந்தெடுத்த விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளை நடலாம். நிழலில் முளைக்கவே முளைக்காத, முழு வெயில் கேட்கும் மரங்களுக்குத் திறந்த வெளி தேவை. பல பைன் இனங்கள் அப்படிப்பட்டவை. கணக்கும் தெளிவாக இருக்கும். எத்தனை ஆண்டில் வெட்டினால் நிலத்தின் மதிப்பு அதிகமாகும் என்பதற்கு மார்ட்டின் ஃபாஸ்ட்மன் 1849இலேயே சூத்திரம் எழுதிவிட்டார். மரம் வளரும் வேகம், வட்டி விகிதம், நடவுச் செலவு, மரத்தின் விலை நான்கும் தெரிந்தால், நடவிலிருந்து வெட்டு வரையிலான சுழற்சிக் காலம் கிடைத்துவிடும். இன்றும் பல நாடுகளில் அந்தச் சூத்திரம்தான் பாடம்.

ஸ்வீடனைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்க்க வேண்டும் என்று 1903இல் சட்டம் போட்டார்கள். 1923இல் நாடு தழுவிய காட்டு அளவெடுப்பைத் தொடங்கினார்கள். அன்று இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மரக் கன அளவு இன்று அங்கே நிற்கிறது. இடையில் நூறாண்டுகள் தொடர்ந்து வெட்டியும் வந்திருக்கிறார்கள். கார்லோவிட்ஸின் அளவுகோலில் இது வெற்றிதான்.

ஆனால் இதே முறை அதன் தாய்நாட்டில் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். கலப்புக் காடுகளை வெட்டிய இடங்களில் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வனத்துறையினர் வரிசை வரிசையாக ஸ்ப்ரூஸ், பைன் ஆகிய ஊசியிலை மரங்களை நட்டார்கள். முதல் சுழற்சி அமோகமாக விளைந்தது. பழைய கலப்புக் காடு பல நூற்றாண்டுகளாக மண்ணில் சேர்த்துவைத்த வளத்தை அந்த முதல் தலைமுறை மரங்கள் உண்டு வளர்ந்தன. இரண்டாம் சுழற்சியில் பல இடங்களில் வளர்ச்சி குன்றியது. மட்க மறுத்த ஊசியிலைப் படுகை தரையில் தடித்தது. அது மண்ணைப் புளிப்பாக்கியது. ஒரே வயது, ஒரே இனம், ஒரே உயரம் என்று நின்ற மரங்களைப் புயல் வரிசையாகச் சாய்த்தது. சாய்ந்தவற்றில், மரப்பட்டையைத் துளைத்து மரத்தைக் கொல்லும் பட்டை வண்டு பெருகியது. ம்யூனிக்கில் கற்பித்த கார்ல் காயர் 1880களிலேயே கலப்புக் காட்டுக்குத் திரும்புங்கள் என்று வாதாடினார். அவர் பேச்சைக் கேட்டவர்களைவிடக் கேட்காதவர்களே அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் பெரும் பரப்பில் ஸ்ப்ரூஸ் நட்டார்கள்.

2018இல் தொடங்கிய தொடர் வறட்சி அந்தக் கடனை வசூலித்தது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காட்டு விதானம் அழிந்தது. அதில் பெரும்பங்கு ஸ்ப்ரூஸ். ஸ்வீடனின் வெற்றிக் கதைக்குள்ளும் இதே விரிசல் உண்டு. 2005 ஜனவரியில் வீசிய குட்ரூன் புயல், நாட்டின் தென்பகுதியில் சுமார் 7.5 கோடி கனமீட்டர் மரத்தைச் சாய்த்தது. அந்த நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் மரத்தின் அளவை நெருங்கிய அந்த இழப்பு, ஒரே இரவில் நேர்ந்தது.

நடவு என்றாலே ஓரினம்தானா என்று கேட்பீர்கள். இல்லை. சீனாவின் தென்கிழக்கில் 2009இலிருந்து நட்டு நடத்தப்படும் பெரும் பரிசோதனை ஒன்று இதற்குப் பதில் தருகிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 16 இனங்கள் கலந்த பாத்திகளில் சேர்ந்திருந்த கார்பன், ஓரினப் பாத்திகளின் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று 2018இல் அறிவித்தார்கள். இந்த முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். வணிகத்துக்காக நடப்படும் இரண்டு இனங்களின் ஓரினப் பாத்திகளும் ஏறக்குறைய அதே அளவு கார்பனைச் சேர்த்திருந்தன. எனவே கலப்பு நடவு எப்போதும் அதிகம் விளைவிக்கும் என்று ஆசைகாட்டி யாரையும் அழைக்கக்கூடாது. சரியான ஓரினம் கலப்புக்கு இணையாக விளையும். அந்த ஓரினத்துக்கு நோய் வரும் ஆண்டில்தான் வேறுபாடு தெரியும்.

முழுவெட்டைச் சற்று மென்மையாக்கும் வழியும் இருக்கிறது. 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து, சுற்றியிருந்த காட்டைத் தரைமட்டமாக்கியது. அங்கே உயிர் திரும்ப நூற்றாண்டுகள் ஆகும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள், சாம்பலைத் துளைத்து வந்த தளிர்களையும், வளைகளில் பிழைத்திருந்த சிற்றுயிர்களையும், விழுந்த தண்டுகளின் மறைவில் தொடங்கிய வாழ்வையும் கண்டார்கள். பேரழிவு கூட எதையாவது மிச்சம் வைக்கிறது. நாம் வெட்டும்போதுதான் எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஜெர்ரி ஃப்ராங்க்ளின் போன்ற வனச்சூழலியலாளர்கள் இதிலிருந்து, வெட்டும் பரப்பில் ஒரு பங்கு மரங்களையும் பட்ட மரங்களையும் விட்டுவைக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் கூட்டாட்சிக் காடுகளுக்கான 1994 திட்டம், வெட்டும் இடங்களில் 15 சதவீதப் பரப்பை விட்டுவைக்கச் சொன்னது. நீங்கள் முழுவெட்டைத்தான் தேர்ந்தெடுக்கப்போகிறீர்கள் என்றால், இதைக் குறைந்தபட்ச நிபந்தனையாக வையுங்கள்.

பொறுக்கி வெட்டுதல்

இந்தப் பெயரில் இரண்டு வேறு செயல்கள் நடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, காட்டுக்குள் போய் விலைபோகும் பெரிய மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கோணலும் நோயுமாக நிற்பவற்றை அப்படியே விட்டு வருவது. விதைநெல்லைச் சமைத்துவிட்டுப் பதரை விதைப்பதற்கு ஒப்பான செயல் அது. இரண்டாவது, எல்லா வயது மரங்களும் எப்போதும் நிற்கும்படி, சிறியதும் பெரியதும் நல்லதும் நலிந்ததுமாகக் கணக்கிட்டு எடுப்பது. இரண்டாவதை மட்டுமே நான் தெரிவு வெட்டு என்பேன்.

அதன் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்தில், நெஷாடெல் மாநிலத்தின் கூவே என்ற ஊரின் காடு. ஃபர், ஸ்ப்ரூஸ், பீச் கலந்தது. பிரான்ஸின் அடோல்ஃப் குர்னோ முன்வைத்த யோசனையை எடுத்துக்கொண்டு, ஆன்ரி பியோலே 1890இல் அங்கே வேலையைத் தொடங்கினார். மார்பளவு உயரத்தில் 17.5 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்கள் அனைத்தையும் அளந்து பதிவது, சில ஆண்டுகள் கழித்து மறுபடி அளப்பது, இடைப்பட்ட காலத்தில் காடு உண்மையில் எவ்வளவு வளர்ந்தது என்பதைக் கண்டறிந்து, அடுத்து எவ்வளவு வெட்டலாம் என்று முடிவுசெய்வது. இதற்குக் கட்டுப்பாட்டு முறை என்று பெயர். இதில் சுழற்சிக் காலமே கிடையாது. நூறாண்டுத் திட்டமும் கிடையாது. காடு சொல்வதைக் கேட்டு, அடுத்த அளவெடுப்பு வரை மட்டும் செல்லுபடியாகும் முடிவை எடுக்கிறார்கள். அதிகமாக வெட்டிவிட்டால் அடுத்த அளவெடுப்பிலேயே தெரிந்துவிடும். இளமரங்கள் குறைந்தால் எண்ணிக்கையில் தெரியும். நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எந்த முறையும் இதைவிட நல்ல பதில் தரவில்லை. ஜெர்மனியின் ஓரின நடவில் வெளிவர ஒரு நூற்றாண்டு பிடித்த பிழை, கூவேயில் பத்து ஆண்டுகளுக்குள் காகிதத்தில் வந்துவிடும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெனாமினி மக்களின் காடு இன்னொரு சான்று. 1854இல் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் சுமார் 90,000 ஹெக்டேர் காடு. சுற்றியிருந்த மாநிலத்தின் காடுகளை மர வணிகம் மொட்டையடித்த அதே காலத்தில், இவர்களும் வெட்டினார்கள். இதுவரை 200 கோடி போர்டு அடிக்கும் (மரத்தை அளக்கும் அமெரிக்க அலகு) மேலான மரத்தை எடுத்திருக்கிறார்கள். இன்று அங்கே நிற்கும் மரத்தின் அளவு 1854இல் இருந்ததைவிட அதிகம். ஆனால் மெனாமினி மக்கள் எல்லா இடத்திலும் பொறுக்கி வெட்டுவதில்லை. நிழல் தாங்கும் மேப்பிள் நிற்கும் இடத்தில் தெரிவு வெட்டு. வெயில் கேட்கும் ஆஸ்பென் நிற்கும் இடத்தில் சிறு பரப்புகளில் முழுவெட்டு. மண்ணையும் மரத்தையும் பார்த்து முறையை மாற்றுகிறார்கள். எந்த முறைக்கும் அவர்கள் அடிமையாகவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பொறுக்கி வெட்டுவது எப்போதும் மென்மையானது, ஆகவே எப்போதும் நல்லது என்று நம்புகிறவர்கள் பலர். மகாகனி மரம் அந்த நம்பிக்கையை உடைக்கிறது. மத்திய அமெரிக்காவில் சூறாவளியும் தீயும் பெரும் திறந்தவெளிகளை உண்டாக்கிய இடங்களில்தான் மகாகனிக் கன்றுகள் கூட்டமாக எழுந்து வளர்ந்தன. ஹெக்டேருக்கு ஒன்றிரண்டாக நிற்கும் பெரிய மகாகனியை மட்டும் எடுத்துவிட்டால், தாய்மரமும் போகிறது, கன்றுக்குத் தேவையான வெயிலும் வருவதில்லை. காடு பச்சையாகவே நிற்கும். அதில் மகாகனி மட்டும் இருக்காது. வானிலிருந்து எடுத்த படத்தில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. 2002இல் மகாகனியைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கும் நிலை வந்தது.

வெப்பமண்டலக் காடுகளைப் பற்றிய எண்களையும் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஒருமுறை பொறுக்கி வெட்டிய காட்டில் விலங்கு, பறவை, பூச்சி, தாவர இனங்களில் 85 முதல் 100 சதவீதம் வரை எஞ்சின. கார்பனில் 76 சதவீதம் எஞ்சியது. மரத்தின் விளைச்சலோ முதல் வெட்டைவிட 46 சதவீதம் குறைந்து, அதன்பின் அந்த அளவில் நின்றது. இந்த மூன்று எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். காட்டுயிர் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய ஆறுதல்: வெட்டப்பட்ட காடு செத்த காடு அல்ல, அதை எண்ணெய்ப்பனைத் தோட்டமாக்க அது ஒரு சாக்கும் அல்ல. வருமானத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது எச்சரிக்கை. முதல் வெட்டில் கிடைப்பது பல நூற்றாண்டுச் சேமிப்பு. இரண்டாம் வெட்டில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். முதல் வெட்டின் வருமானத்தை வைத்துக் கூட்டுறவு அமைப்புக்கு நிரந்தரச் செலவுகளை ஏற்படுத்திக்கொள்பவர்கள், இரண்டாம் வெட்டில் விதியை மீறி வெட்டும் நெருக்கடிக்கு ஆளாவார்கள்.

எப்படி வெட்டுகிறோம் என்பதும் எவ்வளவு வெட்டுகிறோம் என்பதற்கு இணையாக முக்கியம். மரங்களைப் பிணைத்திருக்கும் கொடிகளை முன்கூட்டியே அறுத்துவிட்டால், ஒரு மரம் விழும்போது பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழாது. விழும் திசையைத் தீர்மானித்து வெட்டினால் இளமரங்கள் தப்பும். தடி இழுக்கும் பாதையை வரைபடத்தில் வரைந்த பின் இயந்திரத்தை இறக்கினால் மண் இறுகுவது குறையும். இவை எல்லாம் தெரிந்த வேலைகள். மலேசியாவின் சபாவில் உள்ள சுமார் 55,000 ஹெக்டேர் தெராமாகோட் காடு இப்படி நிர்வகிக்கப்பட்டு, 1997இல் வன மேற்பார்வைக் குழுமத்தின் (FSC) சான்றிதழைப் பெற்றது. அதற்கு முன் அது பல ஆண்டுகள் கடுமையாக வெட்டப்பட்ட காடு என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். சிதைந்த காட்டையும் இந்த வழியில் கொண்டுவர முடிகிறது.

தெரிவு வெட்டின் குறைகள் மூன்று. கனமீட்டருக்குச் செலவு அதிகம். வெட்ட வேண்டிய மரத்துக்குக் குறி இடுபவருக்கு ஆழ்ந்த பயிற்சி வேண்டும். அந்த ஒருவரின் கண்ணில்தான் காட்டின் எதிர்காலம் இருக்கிறது. மூன்றாவது பாதை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளே போய்வர வேண்டியிருப்பதால் பாதை நிரந்தரமாகிறது. அந்தப் பாதையில் வேட்டைக்காரரும் திருட்டு வெட்டுக்காரரும் குடியேற்றமும் வரக்கூடும். காவல் இல்லாத இடத்தில், மரத்தைப் பொறுக்கி எடுத்ததைவிடப் பாதையைத் திறந்துவிட்டதே காட்டுக்குப் பெரிய கேடாகிறது.

விட்டுவிடுதல்

ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் காடு இதுவரை பெரிதாக வெட்டப்படாத முதுகாடு என்றால், ஒப்பீட்டை இங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை விட்டுவிடுங்கள். உலகில் 406 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது, அதில் 111 கோடி ஹெக்டேர்தான் முதுகாடு என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2020இல் கணக்கிட்டது. வெட்டிய காட்டைப் பின்னொரு நாள் விட்டுவிட முடியும். முதுகாட்டை வெட்டிவிட்டு மறுபடி முதுகாடாக்க மனித வாழ்நாள் கணக்கில் வழியே இல்லை. முதிர்ந்த காடு கார்பனை உறிஞ்சுவதை நிறுத்திவிடுகிறது, ஆகவே வெட்டி இளங்காடாக்குவதே நல்லது என்ற வாதமும் வலுவிழந்துவிட்டது. 15 முதல் 800 வயது வரையிலான காடுகள் பெரும்பாலும் தொடர்ந்து கார்பனைச் சேர்க்கின்றன என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. எவ்வளவு சேர்க்கின்றன என்பதில் விவாதம் இருக்கிறது. ஏற்கெனவே சேர்த்துவைத்திருப்பதை வெட்டினால் வெளியே விடுகிறோம் என்பதில் விவாதமில்லை.

ஏற்கெனவே வெட்டப்பட்ட காட்டை விட்டுவிடலாமா என்பதுதான் கடினமான கேள்வி. பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா அதற்கு ஒரு பதில். 1970இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில், 1983இல் புயல் ஸ்ப்ரூஸ் மரங்களைச் சாய்த்தது. விழுந்தவற்றை எடுக்க வேண்டாம், இயற்கை தன் வேலையைச் செய்யட்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. 1990களில் பட்டை வண்டு பெருகி, ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் மரங்கள் பட்டுப்போயின. சுற்றியிருந்த மக்கள் கொதித்தார்கள். தங்கள் கண் முன்னே காடு செத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் செத்த தண்டுகளுக்கிடையே, யாரும் நடாமல், அடர்த்தியாகக் கன்றுகள் எழுந்தன. இறந்த மரத்தை நம்பி வாழும் அரிய வண்டுகளும் பூஞ்சைகளும் திரும்பின. ஃபின்லாந்தின் காட்டு இனங்களில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் இறந்த மரத்தைச் சார்ந்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் சுத்தம் செய்வதாக நினைத்து அகற்றுவது அவற்றின் வீட்டை.

வெப்பமண்டலத்திலும் நம்பிக்கை தரும் கணக்கு உண்டு. லத்தீன் அமெரிக்காவில் விவசாயம் கைவிடப்பட்ட நிலங்களில் தானாக எழுந்த காடுகளை அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பழைய காட்டின் உயிர்த்திரளில் 90 சதவீதத்தை எட்ட இடைநிலையாக 66 ஆண்டுகள் ஆயின. விதை வரும் தூரத்தில் வேறு காடு நிற்கும் இடமெல்லாம், நடவுக்குச் செலவிடும் முன் இந்த எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் விட்டுவிடுவது எல்லா இடத்திலும் பாதுகாப்பானதல்ல. அமெரிக்க மேற்குப் பகுதியின் பொண்டெரோசா பைன் காடுகள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் சிறு தீயில் வளர்ந்தவை. பழங்குடிகள் இட்ட தீயும் மின்னல் தீயும் அடர்ந்த புதரைத் தின்று, பெரிய மரங்களை விட்டுவைத்தன. 1910இல் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 12 லட்சம் ஹெக்டேர் எரிந்த பிறகு, எந்தத் தீயும் கூடாது என்ற கொள்கை இறுகியது. 1935இல், பார்த்த தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்றே விதி வகுத்தார்கள். பல பத்தாண்டுகள் தீயின்றி விட்ட காட்டில் இளமரமும் சருகும் மண்டின. பின்னர் வந்த தீ தரையோடு போகவில்லை. உச்சிவரை ஏறி, முந்தைய தீகளைத் தாங்கிய முதுமரங்களையும் கொன்றது. இத்தகைய காட்டில் கைகட்டி நிற்பதும் ஒரு தலையீடுதான்.

இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. நீங்கள் வெட்டாத மரத்தை வேறு யாரோ, வேறு எங்கோ, ஒருவேளை மோசமான முறையில் வெட்டக்கூடும். இதற்காக முதுகாட்டை வெட்டச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த, நன்றாக நிர்வகிக்கக்கூடிய காட்டை விட்டுவிடும் முன் இதை எடைபோடுங்கள் என்பேன்.

பிரித்துக்கொள்ளுதல்

மூன்று குரல்களுக்கும் பங்கு கொடுக்கும் யோசனையை 1992இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் காடுகளை மனத்தில் வைத்து ராபர்ட் சீமோரும் மால்கம் ஹன்டரும் முன்வைத்தார்கள். ஒரு பகுதி முழுப் பாதுகாப்பு, ஒரு சிறு பகுதி தீவிர நடவு, மிச்சம் முழுவதும் மென்மையான வெட்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இதைச் செயல்படுத்திப் பார்த்தார்கள். பெரும் பரப்புக்கு இது நல்ல கணக்கு. தீவிர நடவில் கிடைக்கும் கூடுதல் மரம், பாதுகாத்த பகுதியின் இழப்பை ஈடுசெய்யும். நூறு ஹெக்டேர் காட்டில் இதைச் செய்தால் மூன்று துண்டும் எதற்கும் போதாமல் போகும். சிறு காடு வைத்திருப்பவர்கள், அக்கம்பக்கத்துக் காடுகளோடு பேசி, வட்டார அளவில் பிரித்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பது

இதுவரை சொன்ன எந்த முறையும் ஆளில்லாமல் நடக்காது. நேபாளத்தின் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம், காடுகளை அவற்றைப் பயன்படுத்தும் மக்கள் குழுக்களிடம் ஒப்படைக்க வழிசெய்தது. 1992இல் நாட்டின் பரப்பில் சுமார் 26 சதவீதமாக இருந்த காட்டுப் போர்வை 2016இல் சுமார் 45 சதவீதமாக உயர்ந்திருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் வேலை தேடி வெளியேறியதற்கும் இதில் பங்குண்டு. முழுப் புகழையும் குழுக்களுக்கே கொடுப்பது நேர்மையாகாது. குவாத்தமாலாவின் மாயா உயிர்க்கோளக் காப்பகம் இன்னும் கூர்மையான பாடம். அங்கே சமூகங்கள் மகாகனியை அளந்து வெட்டும் உரிமைப் பகுதிகளில் காட்டழிப்பு மிகக் குறைவு. வெட்டவே கூடாது என்று கோடு போட்ட தேசியப் பூங்காக்களில் சிலவற்றை மேய்ச்சல் நில ஆக்கிரமிப்பு தின்றுவிட்டது. பொதுவளங்களை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். காட்டின் நிலையைப் பயன்படுத்துவோரே கண்காணிக்கும் இடங்களில் காடு நன்றாக இருக்கிறது என்பது அவரும் அவர் குழுவினரும் திரும்பத் திரும்பக் கண்டது.

என் தேர்வு

முதுகாடு என்றால் விட்டுவிடுதல், சொல்லிவிட்டேன். தீக்குப் பழகிய காடு என்றால் விட்டுவிடாமல், சிறு தீயையோ இளமரக் குறைப்பையோ திரும்பக் கொண்டுவருதல். ஏற்கெனவே ஓரின நடவாக நிற்கும் காட்டை ஒரே ஆண்டில் வெட்டித் தள்ளாமல், இடைவெளிகள் திறந்து, அவற்றில் வேறு இனங்களை உள்ளே விட்டு, இரண்டு மூன்று பத்தாண்டுகளில் கலப்பாக மாற்றுதல். அக்கம்பக்கத்தில் விதை தரும் காடு இருந்தால் நடவுச் செலவைக் காவலுக்கும் வேலிக்கும் மாற்றுதல். நிழல் தாங்கும் மரங்கள் நிறைந்த, ஆள்கள் அருகிலேயே வாழும் காடு என்றால் தெரிவு வெட்டு. வெயில் கேட்கும் மரங்களின் காடு என்றால், மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றிரண்டு மடங்கு அகலமுள்ள சிறு திறப்புகளாக வெட்டுதல். பெரும் பரப்பு முழுவெட்டை நான் பரிந்துரைக்கும் இடம் ஏறக்குறைய இல்லை. அதன் பிழை வெளியே வர எடுத்துக்கொள்ளும் காலம் எனக்கு அச்சம் தருகிறது. தட்பவெப்பம் மாறிவரும் இந்த நூற்றாண்டில், எண்பது ஆண்டு கழித்து எந்த ஓரினம் அந்த இடத்தில் தாக்குப்பிடிக்கும் என்று இன்றே பந்தயம் கட்டுவது யாருக்கும் உகந்ததல்ல.

அளக்க ஆளும் பணமும் இல்லை என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அளக்க முடியாதவர்கள் வெட்டவும் வேண்டாம். முடியும் நாள் வரை விட்டுவையுங்கள். நிற்கும் மரம் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை, விலையும் ஏறும்.

முதல் ஆண்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ஒரு மரத்தையும் வெட்ட மாட்டேன். காட்டின் வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு சரிவில், நிரந்தர மாதிரிப் பாத்திகளைக் குறிப்பேன். ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, இனத்தையும் விட்டத்தையும் பதிவேன். கன்றுகளை எண்ணுவேன். பட்டுப்போய் நிற்பவற்றையும் விழுந்து கிடப்பவற்றையும் சேர்த்தே எண்ணுவேன். அவற்றில் சில பாத்திகளை, பிற்பாடு எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கோடரி படாத பாத்திகளாக ஒதுக்குவேன். ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். பதிவேட்டின் ஒரு பிரதியைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கொடுத்து, அவருடையதை வாங்கி வைத்துக்கொள்வேன். ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் கழித்து அதே மரங்களை அதே உயரத்தில் மறுபடி அளக்க வேண்டும். அன்று வருபவர் வேறொருவராக இருக்கலாம். ஆகவே பாத்தியின் மூலைக் கற்களை எங்கே நட்டோம் என்பதை, எந்தப் பாறையிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று, பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பேன்.